அத்தியாயம் 6: மலாவி ஏரிக்கரையில் வாடகை வீடு, சொந்தச் சமையல்

மலாவி ஏரிக்கரையில் விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடுகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். கூரை ஓலை அல்லது தகரம். ஏரியைப் பார்த்தபடி 'கொண்டே' என்று அங்கே அழைக்கப்படும் அகலமான தாழ்வாரம். பின்புறம் உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. சமையலறையில் அடுப்பு, பாத்திரம், குளிர்பெட்டி. கட்டிலும் கொசுவலையும் தருவார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, தீப்பெட்டி எல்லாம் உங்கள் பொறுப்பு. காவலாளி ஒருவர் இருப்பார். பல வீடுகளில் சமையல் உதவிக்கும் ஆள் உண்டு.

இப்படியொரு வீட்டில் ஒரு வாரம் நிம்மதியாக இருக்க நான் ஒரே ஒரு விதியைத்தான் வலியுறுத்துவேன்: தண்ணீர், கொசுவலை, விளக்கு இந்த மூன்றையும் வெளிச்சம் இருக்கும்போதே சரிசெய்துவிடுங்கள். இங்கே ஆண்டு முழுவதும் மாலை ஐந்தேகாலுக்கும் ஆறரைக்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும், உடனே இருட்டும். இந்த அத்தியாயத்தின் வரிசை அந்த விதியை ஒட்டியே அமைந்திருக்கிறது.

எந்த மாதம், எந்தக் கரை

மே முதல் ஆகஸ்ட் வரை மழையில்லை, குளிர்ச்சியாக இருக்கும். கொசுவும் குறைவு. ஆனால் 'ம்வேரா' என்ற தென்கிழக்குக் காற்று வீசும் காலமும் அதுதான். காற்று எழுந்துவிட்டால் நாள்கணக்கில் அலை அடங்காது. செப்டம்பர், அக்டோபரில் வெயில் கடுமை. ஆனால் ஏரி அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருக்கும். நீந்தவும் மீன் பார்க்கவும் போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டு மாதங்களைத்தான். நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மழை. கரை பச்சைப்பசேலென்று இருக்கும். ஆனால் மலேரியாவும் பழுதான மண்சாலைகளும் அப்போதுதான் அதிகம்.

ஏரி வடக்கு தெற்காக 560 கிலோமீட்டருக்கு மேல் நீளம் என்பதால் கரையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். முதல்முறை போகிறவர்களுக்கு மூன்று இடங்கள் ஏற்றவை. செங்கா பே தலைநகர் லிலோங்குவேக்கு மிக அருகில், சலீமா ஊரைத் தாண்டி இருக்கிறது. நாட்கள் குறைவாக உள்ளவர்களுக்கு இதுவே போதும். தெற்கில் கேப் மக்ளியர், பாறைத் தீவுகளும் வண்ண மீன்களும் உள்ள இடம். வடக்கே நக்காட்டா பே. மலைச்சரிவு நேராக ஏரிக்குள் இறங்கும் அழகான ஊர். சாலைப் பயணம் நீளம் என்பதால் குழந்தைகளோடு போகிறவர்கள் யோசித்து முடிவெடுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் கேப் மக்ளியரை மனத்தில் வைத்துத்தான். மற்ற இரண்டு ஊர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

படங்களைப் பார்த்து மயங்கி முன்பணம் கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்:

1. குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆழ்துளைக் கிணறா, ஏரியிலிருந்து நேரே பம்ப் செய்வதா? தொட்டி ஒன்றா இரண்டா?
2. மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு? இன்வெர்ட்டர், சூரியத் தகடு, ஜெனரேட்டர், இவற்றில் எது? குளிர்பெட்டி அதில் ஓடுமா, விளக்கு மட்டும்தானா?
3. சமையல் கேஸிலா, மின்சார அடுப்பிலா, கரியிலா? கேஸ் என்றால் மாற்றுச் சிலிண்டர் இருக்கிறதா?
4. ஒவ்வொரு கட்டிலுக்கும் தனி வலை உண்டா? ஜன்னல்களில் கம்பிவலை உண்டா?
5. காவலாளிக்கும் சமையல் உதவியாளருக்கும் சம்பளம் வாடகைக்குள் அடங்குமா? அன்பளிப்பு எவ்வளவு வழக்கம்?

இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு வீடு பாருங்கள். நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு இந்த ஏரியிலிருந்து வெளியேறும் ஷிரே ஆற்றின் புனல்மின் நிலையங்களில்தான் உற்பத்தியாகிறது. 2022 ஜனவரியில் அனா புயல் வெள்ளத்தில் கபிச்சிரா நிலையம் சேதமடைந்தபோது நாடே பல மாதம் திண்டாடியது. சாதாரண நாட்களிலும் மின்வெட்டு உண்டு.

லிலோங்குவேயில் வாங்கிச் செல்ல வேண்டியவை

கரையோரக் கடைகளில் தக்காளி, வெங்காயம், கீரை, முட்டை, சோப்பு, மக்காச்சோள மாவு கிடைக்கும். மற்றதையெல்லாம் தலைநகரிலேயே வாங்கிவிடுங்கள். பழைய நகரப் பகுதியில் இந்திய வம்சாவளியினரின் கடைகள் இருப்பதால் கடுகு, சீரகம், மிளகாய்த்தூள், மஞ்சள் பற்றிக் கவலை வேண்டாம். துவரை மலாவியிலேயே பெருமளவு விளைகிறது, இந்தியாவுக்கும் ஏற்றுமதியாகிறது. சந்தையில் 'நந்தோலோ' என்று கேட்டால் முழுத் துவரையாகக் கிடைக்கும். இரவே ஊறவைக்க வேண்டும். உடைத்த பருப்புதான் வேண்டுமென்றால் இந்தியக் கடைக்குப் போங்கள். அரிசியில் 'கிலொம்பேரோ' என்ற மணமுள்ள ரகம் நன்றாக இருக்கும். கல் பொறுக்கிவிட்டு உலையில் போடுங்கள்.

மறக்கக்கூடாதவை: வெப்பமானி, ஓஆர்எஸ் பொட்டலம், 'வாட்டர்கார்ட்' குளோரின் புட்டி, தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று, தீப்பெட்டி, துணிக்கொடிக் கயிறு, கொசுவலை தைக்க ஊசிநூல், மூன்று சதுர முனை உள்ள பிரிட்டிஷ் வகை பிளக்.

பணத்தையும் அங்கேயே எடுத்துவிடுங்கள். மீனவர், படகுக்காரர், காய்கறி விற்கும் பெண்கள் எல்லாருக்கும் சில்லறை குவாச்சா நோட்டுதான் வசதி. உள்ளூர் சிம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், ஏர்டெல், டி.என்.எம் இரண்டும் உண்டு.

சாலை

லிலோங்குவேயிலிருந்து டெட்சா வழியாகக் கோலோமோட்டிக்கு மலையிறங்கி மங்கி பே பக்கம் போவது வழக்கமான தடம். நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் ஆறு மணி நேரத்துக்குத் திட்டமிடுங்கள். பெட்ரோல் தட்டுப்பாடு அடிக்கடி வரும். டாங்க் பாதியானதும் நிரப்பும் பழக்கம் இங்கே அவசியம். இரவில் ஓட்டவே கூடாது. விளக்கில்லாத சைக்கிள்கள், ஆடுகள், சாலையோரம் நடந்து வீடு திரும்பும் மக்கள் எல்லாருக்கும் அந்த ஒரே தார்ச்சாலைதான். மாலை மூன்றுக்குள் வீட்டு வாசலில் நிற்கும்படி கிளம்புங்கள்.

வந்திறங்கியதும்: முதல் இரண்டு மணி நேரம்

ஏரியைப் பார்த்ததும் குழந்தைகள் ஓடத்தான் செய்வார்கள். பெரியவர் ஒருவர் அவர்களோடு கரையில் நிற்கட்டும். தண்ணீரில் இறங்க இன்று வேண்டாம். மற்றவர்கள் இந்த வரிசையில் வேலையை முடியுங்கள்.

1. காவலாளியையும் சமையல் உதவியாளரையும் முதலில் சந்தியுங்கள். 'மூலி ப்வாஞ்சி' என்று நலம் விசாரித்து, அவர்கள் பதில் சொல்லித் திரும்ப உங்களைக் கேட்கும்வரை நின்ற பிறகே வேலைப் பேச்சு. பெரியவர்களில் ஆண்களை 'பாம்போ', பெண்களை 'மாயி' என்று அழைப்பதே மரியாதை. நலம் கேட்காமல் சாவியைக் கேட்பது அங்கே முரட்டுத்தனமாகப் படும்.
2. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, கடைசியாக எப்போது பம்ப் செய்தார்கள் என்று கேளுங்கள். இதன் காரணம் அடுத்த பகுதியில்.
3. வலைகளை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை பாருங்கள். உடனே தையுங்கள். விளிம்புகளை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். இரவு படுக்கும்போது செருகலாம் என்று விட்டால் மாலையே கொசு உள்ளே போய்விடும்.
4. கேஸ் ரெகுலேட்டரில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். தீக்குச்சியால் சோதிக்காதீர்கள். சிலிண்டர் ஓலைக்கூரை விளிம்புக்கு அடியில் இருந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள்.
5. குடிநீர் 20 லிட்டர் தயார் செய்யுங்கள். குளோரின் அளவு புட்டியிலேயே இருக்கும். கலந்து அரை மணி நேரம் கழித்தே குடிக்கலாம். கலங்கிய தண்ணீரானால் முதலில் துணியில் வடிகட்டுங்கள்.
6. விளக்கு, தீப்பெட்டி, முதலுதவிப் பை மூன்றும் வைக்கும் இடத்தை எல்லாருக்கும் காட்டுங்கள்.
7. மருத்துவமனைக்கு வண்டி வேண்டுமென்றால் இரவில் யாரை அழைப்பது? காவலாளியிடம் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வெளிச்சம் மிச்சமிருந்தால் தேநீர் போடுங்கள்.

தண்ணீரும் பில்ஹார்சியாவும்

இந்தப் பகுதியை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். ஏரி கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். ஆனால் சிலவகை நன்னீர் நத்தைகளிலிருந்து வெளிவரும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோயின் நுண்புழுக்கள் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். திறந்த மணற்கரையில் ஆபத்தில்லை என்றுதான் ஒரு காலத்தில் பயணிகள் நம்பினார்கள். 1992இல் கேப் மக்ளியரில் நீந்திய இரண்டு அமெரிக்கப் பீஸ் கோர் தொண்டர்களுக்கு இந்த நோய் நரம்பு மண்டலம்வரை போனது. அதன் பிறகே அந்த நம்பிக்கை உடைந்தது. நத்தையைத் தின்னும் மீன்கள் அளவுக்குமீறிப் பிடிக்கப்பட்டதும் நோய் பெருகக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

நத்தையை விட்டு வெளியே வந்த புழு ஒன்றிரண்டு நாளுக்கு மேல் உயிரோடிருக்காது. எனவே ஏரித் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி 48 மணி நேரம் அசையாமல் வைத்தால் குளிக்கலாம். இரண்டு தொட்டிகள் உள்ள வீடு ஏன் நல்லது என்பது இப்போது புரியும். ஒன்று நிரம்பி நிற்கும்போது மற்றதைப் பயன்படுத்தலாம். ஒரே தொட்டி என்றால், இன்று காலை பம்ப் செய்த தண்ணீரில் இன்று மாலை குளிப்பது ஏரியில் குளிப்பதற்குச் சமம். அப்போது குளிக்கும் தண்ணீரை நன்றாகக் காய்ச்சி ஆறவிடுங்கள். தொட்டியில் இருந்து பழகிய தண்ணீர் குளிக்க மட்டுமே. குடிக்கக் குளோரினோ கொதிப்போ வேண்டும்.

நீந்தியே ஆக வேண்டும் என்பவர்களை நான் தடுக்க மாட்டேன். இந்த ஏரிக்கு வந்து இறங்காமல் திரும்புவது எல்லாராலும் முடியாது. நாணலும் பாசியும் உள்ள இடங்களையும் ஊர்மக்கள் துணி துவைக்கும் துறைகளையும் விட்டுவிடுங்கள். படகில் போய் ஆழமான இடத்தில் இறங்குவது கரையோரம் முழங்கால் தண்ணீரில் நிற்பதைவிட ஆபத்துக் குறைவு. இறங்கினால் நோய் வர வாய்ப்புண்டு என்று ஏற்றுக்கொண்டே இறங்குங்கள். பிறகு பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

> அடிக்கடி நடக்கும் தவறு: கரையேறியதும் துண்டால் அழுந்தத் துடைத்துவிட்டால் போதும் என்று நம்புவது. ஓரளவு உதவலாம், ஆனால் அதைப் பாதுகாப்பாகக் கொள்ள முடியாது. இன்னொன்று, ஊரைவிட்டுக் கிளம்பும்போதே பிராசிகுவான்டல் மாத்திரை விழுங்கிவிடுவது. வளராத புழுக்களை அது கொல்லாது. கடைசியாகத் தண்ணீரில் இறங்கிய நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மருத்துவரிடம் போய் அவர் சொல்லும் அளவில் சாப்பிடுவதே சரி.

மலேரியா

மாத்திரையை இங்கே வந்து தொடங்கக்கூடாது. அட்டோவாகுவோன்-புரோகுவானில், டாக்ஸிசைக்ளின் இரண்டும் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும். மெஃப்ளோகுயின் இரண்டு வாரத்துக்கு முன்பே. டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலில் தோல் எளிதில் கருகும். ஏரிக்கரையில் இது பெரிய தொல்லை, நீளக்கைச் சட்டை போடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் எது பொருந்தும் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாலையானதும் கால்வரை மூடும் உடை, பூச்சிவிரட்டி, வலை. மூன்றில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

சமையல்: மீனில் தொடங்குங்கள்

விடியற்காலையில் எழுந்து கரைக்குப் போங்கள். இரவெல்லாம் விளக்கு வைத்து 'உசிப்பா' பிடித்த படகுகள் அப்போதுதான் திரும்பும். உசிப்பா பார்க்க நெத்திலி மாதிரி இருக்கும், ஆனால் கெண்டை இனத்தைச் சேர்ந்த நன்னீர் மீன். கரையில் பந்தலிட்டு வெயிலில் காயப்போடுவார்கள். பச்சையாக வாங்கி மஞ்சள், மிளகாய், உப்பு தடவி மொறுமொறுவென்று வறுத்தால் அந்த வாரத்தின் சிறந்த சாப்பாடு அதுதான் என்பது என் கணிப்பு. பெரிய மீனில் 'சாம்போ' பேர்போனது. நம் ஊர் ஜிலேபிக் கெண்டையின் நெருங்கிய உறவு. ஆனால் சதை இன்னும் கெட்டி, சேற்று வாடை கிடையாது. முள் குறைவாக வேண்டுமென்றால் 'கம்பாங்கோ' என்ற கெளுத்தி வகையைக் கேளுங்கள்.

வாங்கும் முறை:

1. செவுளைத் தூக்கிப் பாருங்கள். இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் உப்பலாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும்.
2. உள்ளங்கை அளவேயான குஞ்சு சாம்போவை வாங்காதீர்கள். இந்த மீன் வளம் 1980களிலிருந்தே சரிந்துவருகிறது. கொசுவலையை வைத்து அரித்த குஞ்சுமீனையும் வேண்டாமென்று சொல்லுங்கள்.
3. விலையைச் சமையல் உதவியாளர் பேசட்டும். நீங்கள் பேசினாலும் கடைசிக் காசுவரை இழுக்காதீர்கள்.
4. வாளியில் ஈரத்துணி போட்டு மூடி எடுத்து வந்து உடனே சுத்தம் செய்யுங்கள். குளிர்பெட்டியை நம்பி மதியம்வரை வைக்காதீர்கள். கழிவைத் தண்ணீரில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள்.

புளியை ஊரிலிருந்து சுமந்து வர வேண்டாம். ஏரிக்கரை ஓரங்களில் புளியமரம் நிறைய. 'ப்வெம்பா' என்று கேட்டால் சந்தையில் கொட்டையோடு தருவார்கள். கறிவேப்பிலை மட்டும் இந்தியக் கடையில் காய்ந்ததாகவாவது வாங்கி வையுங்கள். காரத்துக்கு உள்ளூர் 'நாலி' மிளகாய்ச் சாறு போதும். அளவாக ஊற்றுங்கள், அது மிகக் கடுமையானது.

ஒரு நாளாவது சமையல் உதவியாளரிடம் அடுப்பை ஒப்படையுங்கள். மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் 'ன்சிமா'வும், நிலக்கடலைப் பொடி தூவிய கீரையும் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். நம் களியைக் கிண்டிப் பழகிய கைக்கு ன்சிமா கஷ்டமில்லை.

கரி அடுப்பை அங்கே 'ம்பாவுலா' என்பார்கள். தகர அடுப்பில் மூட்டி மீன் சுடுவது இன்பம்தான். ஆனால் அதைத் தாழ்வாரத்துக்கு வெளியே, காற்றுக்கு மறைவான மண்தரையில் வையுங்கள். குளிருக்காகக்கூட அறைக்குள் கொண்டு போகவே கூடாது. கரிப்புகை தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். ம்வேரா வீசும் நாளில் ஓலைக்கூரை உள்ள வீட்டில் கரி மூட்டவே வேண்டாம். கரிக்காக மலாவியின் காடுகள் வேகமாக அழிந்துவருவதால், கேஸ் உள்ள வீட்டில் நான் அதையே பயன்படுத்தச் சொல்வேன்.

மின்வெட்டு நாட்களில்

மின்சாரம் இருக்கும்போதே குடிநீர்ப் புட்டிகளை உறையவைத்துக் குளிர்பெட்டியில் அடுக்குங்கள். போனதும் கதவைத் திறக்காதீர்கள். திரும்ப வரும்போது மின்னழுத்தம் எகிறும். கைப்பேசி, மடிக்கணினி பிளக்குகளைப் பிடுங்கி வைத்துவிட்டு, மின்சாரம் வந்து பத்து நிமிடம் கழித்துச் செருகுங்கள்.

ஏரியில்

படகுக்காரர் உயிர்காப்பு மேலங்கி தரவில்லையென்றால் ஏறாதீர்கள். அதில் பேச்சே வேண்டாம். 1946 ஜூலையில் 'விப்யா' என்ற பயணக்கப்பல் இதே ஏரியில் புயலில் மூழ்கி 145 பேர் இறந்தார்கள். கப்பலுக்கே அந்தக் கதி. காலையில் போய் மதியத்துக்குள் திரும்புங்கள். தெற்கே வெண்ணுரைக் கோடு தெரிந்தால் பாதியில் நின்றாலும் கரைக்கு வரச் சொல்லுங்கள்.

மலாவி ஏரி தேசியப் பூங்கா 1980இல் அமைந்தது, 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தீவுகளைச் சுற்றி 100 மீட்டர்வரை மீன்பிடிக்கத் தடை. அதனால் 'ம்புனா' என்ற பாறைமீன்கள் நீலமும் மஞ்சளுமாகக் கூட்டங்கூட்டமாக அங்கே இருக்கும். நுழைவுக் கட்டணத்துக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பாறை வழுக்கும், காலணியோடு இறங்குங்கள். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள்.

முதலையும் நீர்யானையும் ஆற்றுமுகத்திலும் நாணல் புதரிலும் இருக்கும். இன்று எங்கே இறங்கக்கூடாது என்று தினமும் காலையில் காவலாளியைக் கேளுங்கள். நீர்யானை இரவில் புல்மேயக் கரையேறும். இருட்டில் கரையோரம் நடக்க வேண்டாம். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதுதான் மிகப் பெரிய ஆபத்து.

சில குறிப்புகள்

- வெளியில் காயப்போட்ட துணியை, உள்ளாடை உட்பட, சூடாக இஸ்திரி போட்டே உடுத்துங்கள். புட்சி ஈ ஈரத்துணியில் முட்டையிடும். புழு தோலுக்குள் புகுந்து கட்டியாகும்.
- சமையலறை ஜன்னலைத் திறந்துபோட்டு வெளியே போகாதீர்கள். குரங்குகள் உள்ளே வந்து எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்க்கும். கையில் உணவோடு அவற்றை நெருங்க விடாதீர்கள்.
- ஏரிமேல் புகைத்தூண் எழுவதுபோல் தெரிந்தால் அது ஏரி ஈக்களின் கூட்டம். கடிக்காது. காற்று உங்கள் பக்கம் திரும்பினால் விளக்கை அணைத்து ஜன்னலை மூடுங்கள். ஊர்மக்கள் கூடையில் பிடித்து வேகவைத்து அடையாகத் தட்டுவார்கள். கொடுத்தால் ருசி பாருங்கள்.
- வீட்டுக்கு முன்னிருக்கும் மணல் வாடகையில் சேராது. வலை இழுப்பதும் பாத்திரம் கழுவுவதும் அங்கேதான் நடக்கும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

கிளம்பும் நாள்

1. மீந்த அரிசி, பருப்பு, எண்ணெயைச் சமையல் உதவியாளரிடம் கொடுங்கள். அன்பளிப்பை அவரவர் கையிலேயே தாருங்கள்.
2. கேஸ் வால்வை மூடுங்கள். கரிச்சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பாருங்கள்.
3. பிளாஸ்டிக்கையும் பேட்டரியையும் நகரத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். கரையில் அவற்றைச் சேர்க்க இடமில்லை.
4. ஓட்டையான வலை, கசியும் குழாய் எதுவானாலும் வீட்டுக்காரருக்கு எழுதுங்கள்.
5. மலேரியா மாத்திரையை நிறுத்தாதீர்கள். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் மலாவியை விட்ட பின் 7 நாள். டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோகுயின் என்றால் 4 வாரம்.
6. திரும்பிய பின் மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அதே நாளில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சாதாரணக் காய்ச்சல் என்று மருத்துவர் சொன்னாலும், மலாவி போனதையும் ஏரியில் இறங்கியதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.